கேட்டாங்க, சொன்னேன்

பழவேற்காட்டுப் பக்கத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. செத்தபுள்ள டாக்டரு. கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருக்கும் பெண்கள், அவருடைய வெளிர்நிறச் சேலை தூரத்தில் தெரிந்ததுமே அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் உஷார்படுத்துவார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எழுந்து குடிசைக்குள் போய்விடுவார்கள். அவருக்கு இது தெரியாது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் படகில் போகும்போது அவராகவே சொன்னார்.

"சரியான பேர்தான் வச்சிருக்காங்க சிஸ்டர். என் ரூம் கதவுல எழுதியிருக்கிறதைவிட இது நல்லாப் புரியுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்னையில் ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. ஆனால் பிரசவம் பார்க்கும் டாக்டர் அல்ல. வயிற்றிலேயே உயிர் போன குழந்தைகள், பிறக்கும்போது போனவை, பிறந்து ஓரிரு நாளில் போனவை, இவைதான் அவரிடம் வரும். ஏன் போனது என்று பார்த்துச் சொல்வது அவருடைய படிப்பு. அந்தப் படிப்பைத் தேடிப் போய்ப் படித்தவர்கள் அப்போது அதிகம் இல்லை. படித்தாலும் யாரும் வந்து கும்பிட்டு நன்றி சொல்லப்போவதில்லை. கடலோரக் குப்பங்களில் பிள்ளைகள் இறந்து பிறப்பது ஏன் என்று பார்க்க ஒரு சர்க்கார் திட்டம் வந்தது. அதில் இவரைப் போட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஜீப்பில் பழவேற்காட்டுக்கு வருவார்.

நான் அங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊர் திருத்தணிப் பக்கம். வேலைக்கு வந்த பிறகுதான் கடலையே பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எனக்கு ஓர் அறையும் அடுப்படியும் கொடுத்திருந்தார்கள். பேச்சுத்துணை கிடையாது. அவரைக் கூட்டிக்கொண்டு குப்பம் குப்பமாகப் போகும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் தடவை அவர் வந்தது எமர்ஜென்சி சமயம். ஜீப்பைக் கண்டாலே குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று ஊர் நடுங்கிய நேரம். லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகவேண்டும். பாலம் கிடையாது, ஜீப்பை இக்கரையில் நிறுத்திவிட்டுப் படகில்தான் போகவேண்டும். நாங்கள் படகேறுவதை அக்கரையிலிருந்து பார்த்துவிட்டு, ஆண்கள் எல்லாரும் அந்தப் பக்கம் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய்விட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குப்பத்தில் நாய்களும் சாத்திய தட்டிகளும்தான். டாக்டர் ஒரு வலைக்குவியலின் நிழலில் மணலில் உட்கார்ந்துகொண்டார். வெயில் ஏறி இறங்கியது. கடைசியில் ஒரு கிழவி தட்டியை விலக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தாள்.

"இன்னாத்துக்கு வந்துகிறீங்க?"

"இந்த ஊர்ல செத்துப் பொறக்கிற குழந்தைங்களைப் பார்க்க வந்திருக்கேன்" என்றார் டாக்டர்.

தட்டி படாரென்று சாத்திக்கொண்டது.

திரும்பும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. "தாயும் சேயும் நல்லா இருக்காங்களான்னு பார்க்க வந்தோம்னு சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"கேட்டாங்க, சொன்னேன்" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். அதில் கோபமோ பெருமையோ இருக்காது. கேள்வி வந்தால் பதில் போகவேண்டும், நடுவில் வேறொன்றுக்கு இடமில்லை என்பதுபோல இருக்கும்.

சாப்பாட்டை அவர் ஸ்பூனால்தான் சாப்பிடுவார். நான் மடவை மீன் குழம்பு வைத்தால்கூட அப்படித்தான். முள்ளை ஸ்பூன் நுனியால் ஒதுக்கி ஒதுக்கி வைப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். முதலில் நாகரிகம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உடல் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் வாடை விரலை விட்டுப் போகாதாம். எத்தனை சோப்புப் போட்டாலும் சோற்றில் அந்த வாடை அடிக்குமாம். சந்தில் எதிரே கர்ப்பிணி யாராவது வந்தால், அவள் ஒதுங்குவதற்குள் இவரே ஒதுங்கி வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். எதற்கு டாக்டர் நீங்க ஒதுங்கணும் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு பயந்துட்டு நைட்டெல்லாம் தூங்காது. நான் ரெண்டு நிமிஷம் வேலியைப் பார்த்தா எனக்கு என்ன குறைஞ்சிடப்போகுது" என்றார். குப்பங்களில் வளைகாப்பு நடந்தால் என்னைக் கூப்பிடுவார்கள், கை நிறைய வளையல் போடுவார்கள். அவர் வந்திருக்கும் நாளில் வளைகாப்பு இருந்தால், அவர் படகிலேயே உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி வந்ததும் என் கையைப் பார்த்து, "பச்சை உங்களுக்கு நல்லா இருக்கு" என்பார்.

இறந்த குழந்தையைப் 'பாடி' என்று யார் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது. ஜீப் டிரைவர் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். "குழந்தைன்னு சொல்லுங்க. பேர் வைக்கிறதுக்குள்ள போயிடுச்சு. இருக்கிறது அந்த ஒரு பேர்தான்."

பிள்ளையை இழந்த வீட்டில் போய், அந்தப் பிள்ளையைக் கொடுங்கள் என்று கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் விரட்டினார்கள். விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. கொடுத்தவர்கள் சிலர்தான். கொடுத்தால், அவர் சொல்வது ஒன்றே: "திரும்பக் கொண்டுவந்து உங்க கையிலயே குடுக்கிறேன். என்ன ஆச்சுன்னும் சொல்றேன்." சென்னைவரை கொண்டுபோக ஐஸ் வேண்டும். பழவேற்காட்டில் ஐஸ் இருந்தது இறால் வியாபாரிகளிடம் மட்டும். ஒரு பாய் இருந்தார். முதலில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "விஷயம் வெளிய தெரிஞ்சா எங்கிட்ட ஒருத்தன் இறால் வாங்கமாட்டாம்மா." டாக்டர் திரும்பி நடந்தார். தெருமுனை தாண்டுவதற்குள் பாய் பின்னாலேயே ஓடிவந்தார். உள்ளே தகரம் அடித்த ஒரு மரப்பெட்டியைத் தனியாக அவருக்கென்றே ஒதுக்கிக் கொடுத்தார். "இதுல இனிமே இறால் வைக்கமாட்டேன். நீங்களே வச்சிக்குங்க. ஐஸ் எப்ப வேணும்னாலும் பின்கட்டுல வந்து அள்ளிக்கலாம், முன்வாசல்ல மட்டும் வரவேணாம்." அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் தெருவில் பார்த்தால் பார்க்காததுபோலப் போய்விடுவார்கள். அது ஒருவகை மரியாதை.

திரும்பக் கொண்டுவருவார். அதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. குளிப்பாட்டி, புதுத்துணி சுற்றி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி. உள்ளே தையல் இருக்கும். பார்த்தால் தெரியாது. தாய் துணியை விலக்கிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அவ்வளவு நெருக்கித் தைத்திருப்பார்.

ஒரு தடவை பழவேற்காட்டுக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர் வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாசம் நிறைந்து பிள்ளை வயிற்றிலேயே போயிருந்தது. டாக்டர் எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. அதைச் சொல்வதற்கென்று பஸ் பிடித்து வந்திருந்தார். "எனக்குத் தெரியலைம்மா. எல்லாம் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியல."

அந்தப் பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "தெரியலன்னு சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?"

"நீங்க காத்துட்டு இருப்பீங்கல்ல."

அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நாங்கள் செருப்பு மாட்டப் போனோம். இஞ்சி போட்ட டீயோடு வந்தாள். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த ஊரில் டாக்டருக்கு ஒரு வீட்டில் டீ கிடைத்தது அன்றுதான்.

அவருக்கே ஒரு குழந்தை அப்படிப் போயிருக்கும், அதனால்தான் இந்த வேலைக்கு வந்திருக்கிறார் என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படி ஒரு சந்தேகம் இருந்தது. கல்யாணம் ஆகாதவர் என்பது தெரியும், ஆனாலும். ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். எனக்கு யாரும் சாகல. எங்கம்மாவுக்கு நாங்க நாலு பேர், நாலு பேரும் குண்டுக்கல்லாட்டம் இருக்கோம்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பொறந்த குழந்தையைப் பார்க்க ஊரே வருது. இந்தக் குழந்தையை யாராவது ஒருத்தர் முழுசாப் பார்க்கணும் இல்லையா? உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும். அதுக்கு ஒரு ஆள் வேணும். நான் பார்க்கிறேன். அவ்வளவுதான்."

இவ்வளவு சொன்ன பிறகு தேசம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

தேசம்மா லைட்ஹவுஸ் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் ஏழுமலை கடலுக்கும் போவான், ஏரியிலும் படகு தள்ளுவான். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இறந்தே பிறந்தன. ராசி கெட்டவள் என்று மாமியார் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். சுண்ணாம்புக்குளத்தில் மகனுக்கு இன்னொரு பெண் பார்த்துப் பேசியும் வைத்துவிட்டாள். மூன்றாவது பிள்ளை தங்கினால் தேசம்மா இருப்பாள். இல்லாவிட்டால் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடவேண்டும் என்று பேச்சு.

மூன்றாவதும் இறந்தே பிறந்தது. பெண் குழந்தை. மறுநாள் காலை டாக்டரின் ஜீப் நாள். செய்தி சொன்னதும் நேராகக் குப்பத்துக்குப் படகேறினார்.

மாமியார் வாசலில் நின்று மறித்தாள். "செத்ததை அறுக்கறதுக்குனு வந்துட்டா பாரு. போயிரு. மண்ணுல வச்சிட்டு நாங்க எங்க வேலயப் பாக்கணும்."

டாக்டர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. கேள்வியாக அவள் எதையும் கேட்கவில்லையே. அப்போது உள்ளேயிருந்து தேசம்மாவின் குரல் வந்தது. பிரசவமாகி ஒரு நாள்கூட ஆகாத உடம்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்திருந்தாள்.

"எடுத்துனு போங்கம்மா. இன்னா ஆச்சுனு மட்டும் எனுக்குச் சொல்லுங்க. மூணையும் ஒண்ணும் தெரியாமயே மண்ணுல வச்சிட்டு நா போவமாட்டேன்."

ஏழுமலை அதுவரை தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். "திரும்பக் கொண்டாருவியா?" என்றான்.

"கொண்டுவருவேன்" என்றார் டாக்டர்.

சென்னைக்குக் கொண்டுபோய்ப் பார்த்து முடித்த மறுநாள், திரும்புகிற நேரத்தில் அங்கே ஜீப் கெட்டுவிட்டது. அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கிளம்பிவிட்டார். பொன்னேரியில் பழவேற்காட்டு பஸ் மாறியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அன்பாகக் கேட்டிருக்கிறாள், "கொயந்த தூங்குதாம்மா? சத்தமே காணமே?"

"இல்லைம்மா, இறந்துபோச்சு. அவங்கம்மாகிட்ட கொண்டுபோறேன்."

பஸ்ஸே எழுந்து நின்றுவிட்டதாம். பாதி வழியில், ரெண்டு பக்கமும் உப்பு மண்ணாகக் கிடக்கிற இடத்தில் அவரை இறக்கிவிட்டுவிட்டார்கள். அங்கிருந்து நடந்து வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவரைப் பார்த்தபோது கால் முழங்கால்வரை புழுதி, முகம் வெயிலில் கறுத்துக் கன்றியிருந்தது. கையில் இருந்த துணியில் மட்டும் ஒரு தூசு இல்லை. முந்தானையால் மூடிக்கொண்டே வந்திருக்கிறார்.

"தூங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன டாக்டர்?" என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கேட்டாங்களே" என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அன்று குழந்தையை அவர்களிடம் கொடுத்துப் புதைத்தாயிற்று. காரணத்தை உடனே சொல்லவில்லை. தேசம்மாவிடமும் ஏழுமலையிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் வந்தவர் என் அறையில் உட்கார்ந்து என்னிடம் முதலில் சொன்னார். மேகநோய். ஆணிடமிருந்து பெண்ணுக்கு வந்து, அவள் வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் போய், பிறக்குமுன்பே முடித்துவிடுகிறது. பென்சிலின் ஊசி போட்டால் போய்விடும். இருவருக்கும் போட்டால் அடுத்த பிள்ளை பிழைக்கும்.

நான் கதவைச் சாத்திவிட்டுக் கெஞ்சினேன். "டாக்டர், இங்க இதைச் சொன்னா குடும்பமே சிதறிடும். ரத்தத்துல கிருமி, ஊசி போட்டுக்குங்கன்னு சொல்லி முடிச்சிடலாம். எங்கேருந்து வந்ததுன்னு எதுக்கு?"

"அவங்க கேக்கலேன்னா சொல்லமாட்டேன்."

தேசம்மா கேட்டாள். கேட்காமல் இருப்பாளா? ஆஸ்பத்திரியில் தனியாக உட்காரவைத்துக் கிருமி என்று சொன்னதுமே, "அது எங்கேர்ந்து எனுக்கு வந்துது?" என்றாள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்டேருந்து வந்திருக்கும்."

தேசம்மா சேலை ஓரத்தைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். பிறகு, "அப்ப நா ராசி கெட்டவ இல்ல" என்றாள். கேள்வி போலவும் இல்லை, பதில் போலவும் இல்லை. ஊசி போட்டுக்கொண்டு எழுந்தவள் மறுபடி திரும்பி, "எங்க அத்தைக்கு இது தெரியவேணாம்மா. அவருக்கு அவமானமாப் பூடும்" என்றாள்.

ஏழுமலையிடம் சொல்வதற்கு டாக்டர் தேர்ந்தெடுத்தது படகை. அக்கரைக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி ஏறிக்கொண்டார். நானும் இருந்தேன். ஏரி நடுவில், மூங்கில் கழியை ஊன்றி அவன் படகைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, சுற்றி வளைக்காமல் சொன்னார். அவன் கழியை நிறுத்திவிட்டான். படகு மெதுவாகத் தானாகவே திரும்பி நின்றது.

"கல்யாணத்துக்கு முன்னாடிம்மா. காசிமேட்ல போட்ல போய்னு இருந்தப்போ. ஒருவாட்டிதான்." கழியைப் படகில் கிடத்தினான். "அவ மேல தப்பு இல்லயா?"

"இல்ல."

"மூணு புள்ளயும் என்னாலதான் பூட்ச்சா?"

நான் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். வேறு ஏதாவது சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"ஆமாம்" என்றார் டாக்டர். உடனே, "ஊசி போட்டா சரியாகிடும். அடுத்த குழந்தை நல்லாப் பொறக்கும்" என்றும் சொன்னார். ஆனால் அவன் முதல் வார்த்தைக்குப் பிறகு எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்களைக் கரையில் இறக்கிவிட்டான். படகைக் கட்டினான். குப்பத்துக்குப் போகாமல் கடற்கரையோடு தெற்கே நடந்துபோனான். அன்று வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

கடலில் தேடினார்கள். எளாவூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் ஆள் போனது. செத்தபுள்ள டாக்டரோடு படகில் போனவன் திரும்பவில்லை என்ற பேச்சு எல்லாக் குப்பத்துக்கும் பரவியது. எனக்கு அவர்மேல் ஆத்திரமாக இருந்தது. ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அவன் வீட்டில் இருந்திருப்பான்.

அடுத்த ஜீப் நாளன்று மாமியார்க்காரி ஏரியைக் கடந்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். பின்னால் ஒரு கூட்டம். டாக்டர் வெளியே வந்து நின்றார்.

"எம் புள்ளகிட்ட இன்னா சொன்னே? சொல்லுடி. இன்னா சொன்னே எம் புள்ளகிட்ட?"

இதுதான் கேள்வி. கேட்டால் சொல்லிவிடும் அந்த மனுஷி என்ன செய்யப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். கூட்டத்தின் ஓரத்தில் தேசம்மா நின்றிருந்தாள். டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை.

"அதை நான் சொல்றதுக்கில்லம்மா" என்றார்.

அந்தம்மாள் குனிந்து மண்ணை வாரி அவர்மேல் தூற்றினாள். முகத்தில், தலையில், திறந்திருந்த வாயில் விழுந்தது. இன்னொரு கை மண். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு நின்றாரே தவிர ஓர் அடி பின்னால் வைக்கவில்லை. கைகூட ஓங்கவில்லை, மறைக்கவும் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் ஏழுமலை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். இளைத்திருந்தான், முகச்சவரம் செய்திருந்தான்.

"ஊசி போட்டுக்கினேன் நர்ஸம்மா. மெட்ராஸ்ல."

நடந்ததை அவன்தான் சொன்னான். காசிமேட்டில் பழைய கூட்டாளியின் போட்டில் வேலைக்குப் போயிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போட் கரை சேரும்போது பார்த்தால், ஏலம் போடுகிற கும்பலுக்கு நடுவில், மீன் தண்ணீரில் சேலைக் கரை நனைய, டாக்டரம்மா நின்றுகொண்டு ஒவ்வொரு போட்டாக ஏழுமலை ஏழுமலை என்று கேட்டுக்கொண்டு வருகிறார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து தேடினார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். அவன் ஓடப் பார்த்தானாம்.

"அந்தம்மா கிட்ட வந்து, 'நான் உங்களால செத்துச்சுன்னுதான் சொன்னேன். நீங்க கொன்னீங்கன்னு சொல்லலையே. நீங்க அதைக் கேக்காமயே போயிட்டீங்க'னு சொல்ச்சு. அப்டியே உக்காந்துட்டேன் நர்ஸம்மா. அளுதுட்டேன். அவ்ளோ கும்பல்ல."

இதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அவ்வளவுதான் காரணமாக இருக்கும்.

அவன் வீடு திரும்பியதும் சுண்ணாம்புக்குளத்துப் பேச்சு நின்றுபோனது. அம்மாவிடம் என்ன சொன்னான் என்று தெரியாது. ஆனால் மண் வாரித் தூற்றியவள் கடைசிவரை டாக்டரை மன்னிக்கவில்லை; மன்னிக்க அவளுக்குக் காரணமும் தெரியாது. டாக்டர் அக்கரைக்கு வரும் நாளில் வீட்டைச் சாத்திக்கொள்வாள். அந்தச் சாத்திய கதவைத் தாண்டி டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

பிறகு அந்தத் திட்டம் நின்றுவிட்டது. ஜீப் வரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் தன் செலவில் பஸ்ஸில் வந்து பார்த்தார். அதுவும் குறைந்து நின்றது. நானும் மாற்றலாகித் திருவள்ளூருக்குப் போய்விட்டேன். அவர் ஓய்வு பெற்றதையும், அவருக்குப் பின் அந்த அறைக்கு யாரும் வரவில்லை, பூட்டிவிட்டார்கள் என்பதையும் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன். இப்போது இருக்கிறாரா, எங்கே இருக்கிறார், விசாரிக்க எனக்கு ஒரு முகவரியும் இல்லை. அவரோடு பழகியவர் வேறு யாராவது உண்டா என்று தேடினால், நான் மட்டும்தான் அகப்படுகிறேன்.

திட்டம் நிற்பதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

தேசம்மாவுக்கு நான்காவது பிள்ளை என் கையில்தான் பிறந்தது. பெண். வெளியே வந்ததும் கத்திய கத்தலில் வராந்தாவில் நின்ற ஏழுமலை உள்ளே ஓடிவந்துவிட்டான். அப்போது ஜீப் வருவது மாதம் ஒருமுறையாகக் குறைந்திருந்ததால் டாக்டருக்குக் கடிதம் போட்டேன். 'ரொம்ப சந்தோஷம், எடை எழுதவில்லையே' என்று ஒரு கார்டு வந்தது. ஜீப்பில் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தார், ஆனால் அந்தக் குப்பத்துப் பக்கம் போகவில்லை. "நான் போனா அந்தப் பெரியம்மா மனசு கலங்கும். பச்சைக்குழந்தை இருக்கிற வீடு" என்றார்.

தேசம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும், சென்னையில் கோயிலுக்கு வேண்டுதல் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஏழுமலைதான் படகு தள்ளினான். கரையில் இறங்கும்போது, "அவங்க கைல குடுத்துத் தூக்கச் சொல்லு. சும்மா காமிச்சிட்டு வந்துறாத" என்றான்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவர் அறையைக் கண்டுபிடிக்கவே பாடாகிவிட்டது. பிரசவ வார்டுகளைத் தாண்டி, துணி வெளுக்கும் இடத்தையும் தாண்டி, பின்னால் ஒரு தனிக்கட்டடம். வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆள் தேசம்மாவின் தோளில் பிள்ளையைப் பார்த்ததும் பதறி எழுந்தான். "உயிரோட இருக்கிற குழந்தையை இங்க ஏம்மா கொண்டாந்தே? வார்டு அந்தப் பக்கம். போ, போ."

அவன் சத்தத்துக்கு டாக்டர் வெளியே வந்தார். ரப்பர் ஏப்ரன் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் படிக்கட்டின் மேலேயே நின்றுவிட்டார்.

"தேசம்மா" என்றார். "பாப்பாவை ஏன் இவ்வளவு தூரம்... வெயில்ல..."

"நீங்க வரல. நாங்க வந்துட்டோம்" என்றாள் தேசம்மா.

டாக்டர் ஏப்ரனைக் கழற்றி அந்த ஆளிடம் கொடுத்தார். உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். வந்தவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "நல்ல ஊட்டம். கண்ணு உங்களை மாதிரி."

"தூக்குங்கம்மா."

"வேண்டாம். கை வாடை அடிக்கும் பாப்பாவுக்கு."

"மீன் கூடையிலயே வளர்ற புள்ளமா இது. இன்னா வாடை அடிச்சிடும்?" தேசம்மா பிள்ளையை அவர் மார்போடு வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் டாக்டர் வாங்கிக்கொண்டார். அத்தனை குழந்தைகளைத் தூக்கிய கைகள், ஆனால் இதை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் நீட்டிப் படுக்கவைத்தாற்போல ஏந்திக்கொண்டு நின்றார். பிள்ளை உடம்பை முறுக்கிக் காலை உதைத்தது. அவர் திடுக்கிட்டுப்போய் என்னைப் பார்த்தார். விழுந்துவிடுமோ என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "நெஞ்சோட சேத்துக்குங்க டாக்டர்" என்றேன். சேர்த்துக்கொண்டார். பிள்ளை அவர் தோளில் வாயை வைத்துச் சேலையைச் சப்பத் தொடங்கியது.

"சூடா இருக்கு" என்றார், மெதுவாக. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கொஞ்சநேரம் அப்படியே நின்றார். அதற்குள் வாசல் ஆள் வந்து காதருகே ஏதோ சொன்னான். டாக்டர் தலையசைத்தார். பிள்ளையைத் தேசம்மாவிடம் கொடுத்துவிட்டு, அதன் காலை ஒருமுறை பிடித்துப் பார்த்து, "இருங்க, வந்துடறேன்" என்று உள்ளே போனார்.

நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தோம். வெயில் சுவரின் மறுபக்கம் இறங்கியது. அவர் வரவில்லை. நான் எழுந்து அந்த ஆளிடம் கேட்டேன்.

"இப்ப வரமாட்டாங்க. காலையில ஒரு குழந்தை வந்துச்சு. தாய்க்காரி வார்டுல அழுதுகிட்டே கிடக்கா, என்ன ஆச்சுன்னு சொல்லச் சொல்லி. இவங்க பார்த்து முடிச்சு, அங்க போய்ச் சொல்லிட்டுத்தான் வருவாங்க. நீங்க வேணா உக்காருங்க."

நான் உட்காரப் போனேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் எப்படிப் போவது? தேசம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். பையையும் எடுத்துக்கொண்டாள்.

"வாங்க நர்ஸம்மா, போலாம். நாம இங்க குந்தினு இருந்தா அவங்க நடுவுல எழுந்து வருவாங்க. அந்தப் பொண்ணு காத்துனு இருப்பா."